மையக் கூற்று எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்

கேள்வி:

நான் ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். ஒரு கட்டுரையைக் கொடுத்து அதன் மையக் கூற்றை, அதாவது எழுதியவர் நிறுவ வந்த கருத்தைச் சொல்லும் வரியை, கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘முதல் பத்தியின் கடைசி வரியில் இருக்கும்’ என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. தேர்வில் வேறு மாதிரி ஒரு கட்டுரை வந்ததும் பாதிப் பேருக்கு மேல் தவறான வரியை அடிக்கோடிட்டுவிட்டார்கள். சிலர் தலைப்பையே எடுத்து எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிக்கிற ஒரு பையன், ‘டீச்சர், எல்லா வரியும் முக்கியமாத்தானே இருக்கு’ என்கிறான். இந்த வயதில் இதை எதிர்பார்ப்பதே அதிகமா? வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? விடைத்தாளில் எதற்கு மதிப்பெண் போடுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அதிகமே இல்லை. அம்மா பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஒருவர் எதையெல்லாம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று பிரித்துப் பார்க்கும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாளில் அது கைகொடுக்காததற்குக் காரணம், நாம் அந்த வாக்கியத்தின் இடத்தைச் சொல்லிக்கொடுத்தோம், அது செய்கிற வேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசி வரியில் இருக்கும் என்று கேட்ட பிள்ளை கடைசி வரியைத்தான் தேடும். அதைப் படிக்கக்கூட வேண்டியதில்லையே!

உங்கள் பையன் சொன்னது தப்பில்லை. எல்லா வரியும் முக்கியம்தான். நாம் அவனிடம் ‘எது முக்கியமான வரி?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்க வேண்டியது வேறு: ‘மற்ற வரிகளெல்லாம் எந்த வரிக்காக உழைக்கின்றன?’ இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் ஓட்டலாம். கீழே நான் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஒரு பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வகுப்பில் கொடுப்பதற்காக நானே எழுதியது:

“முதல் பாடவேளையில் எங்கள் வகுப்பில் கொட்டாவி விடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பதின்ம வயதினருக்கு ஓர் இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். ‘சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் எழலாமே’ என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பருவ வயதில் உடலுக்குத் தூக்கம் வருகிற நேரமே தள்ளிப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. உயர் வகுப்புகள் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இலேயே, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எட்டரை மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது.”

இதைக் கொடுத்து அடிக்கோடிடச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளை எங்கே போகும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கதை பிடிக்கிற பிள்ளைகள் கொட்டாவிக்குப் போவார்கள். எண்ணைப் பார்த்தால் விடாதவர்கள் 8 முதல் 10 மணி நேரத்துக்குப் போவார்கள். மேற்கோள் குறி இருந்தால் அதற்குள் முக்கியமான ஏதோ இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பெரியவர்கள் கேட்ட கேள்வியை அடிக்கோடிடுவார்கள். அதாவது, எழுதியவர் மறுப்பதற்காகக் கொண்டுவந்த கருத்தை அவருடைய கருத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தவறைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அது வெறும் வரித் தவறு இல்லை, கட்டுரையையே தலைகீழாகப் புரிந்துகொள்வது. உங்கள் சூத்திரத்தை நம்புகிறவர்கள் கடைசி வரிக்குப் போவார்கள். அங்கே ஒரு பெரிய அமைப்பின் பெயரும் ஆண்டும் வேறு இருக்கின்றன, விடுவார்களா?

சரி, இப்போது ஒவ்வொரு வரிக்கும் அதன் வேலையை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பெரிய பெயர்கள் வேண்டாம். ‘கூப்பிடுகிறது’, ‘தகவல் தருகிறது’, ‘எதிராளி பேசுகிறார்’, ‘எதிராளிக்குப் பதில்’, ‘கேட்க வந்ததைக் கேட்கிறது’, ‘சாட்சி கூட்டிவருகிறது’. இப்படி எழுதி முடித்தபின் ‘இதில் எந்த வரிக்காக மற்ற வரிகள் வந்திருக்கின்றன?’ என்று கேட்டால் ஐந்தாவது வரி தானாக மேலே வரும். கொட்டாவி எதற்கு? தாமதமாகத் தொடங்கச் சொல்வதற்கு. தூக்கக் கணக்கு எதற்கு? அதற்கேதான். கழகத்தின் பரிந்துரை எதற்கு? அதற்கும் அதேதான். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ‘தாமதமாகத் தொடங்க வேண்டும் என்பதால் நாங்கள் கொட்டாவி விடுகிறோம்’ என்றால் வகுப்பே சிரித்துவிடும். அந்தச் சிரிப்பு போதும், எது எதைத் தாங்குகிறது என்று புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இடத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, பத்தியின் தலைமை வாக்கியம், அதாவது அந்தப் பத்தி சொல்ல வந்ததைச் சொல்லும் வரி, எங்கே வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். பத்தியின் தொடக்கத்திலேயே வரும் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அவர் பார்த்தவற்றில் 100க்கு ஏறத்தாழ 13 பத்திகள்தான் அப்படித் தொடங்கின. அவர் எண்ணியது பத்திகளின் தலைமை வாக்கியத்தை, முழுக் கட்டுரையின் மையக் கூற்றை இல்லை. ஆனாலும் தேர்ந்த எழுத்தாளர்கள் நம் சூத்திரத்தைக் கேட்டுவிட்டு எழுத உட்காருவதில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

இடம் மாறினாலும் வேலை மாறாது என்பதைக் காட்ட மணிமேகலையில் அருமையான ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தர்க்கம், சொல்லும் பகுதியில் வருவது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் காண்பதுபோல. கூற்று, காரணம், எடுத்துக்காட்டு. கட்டுரை எவ்வளவு நீளமானாலும் எலும்புக்கூடு இதுதான். மூன்றையும் மூன்று தாள் துண்டுகளில் எழுதி மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்து நிற்க வையுங்கள். முதலில் நெருப்புக்காரர் முன்னால் நிற்கட்டும். அப்புறம் வரிசையை மாற்றுங்கள்: ‘மலையில் புகை தெரிகிறது. அடுக்களையில் புகை வந்தால் அங்கே நெருப்பு இருக்கும். ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது.’ இப்போது அவர் கடைசிக்குப் போய்விட்டார். ஆனால் மற்ற இருவரும் இன்னமும் அவருக்காகத்தான் நிற்கிறார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதற்குப் பிறகு ‘எத்தனையாவது வரி டீச்சர்?’ என்று கேட்கிற பிள்ளையிடம் ‘நெருப்பு எது?’ என்று திருப்பிக் கேட்டால் போதும்.

இனி, தலைப்பை எடுத்து எழுதிய பிள்ளைகளுக்கு வருவோம். அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் உண்டு. நாம் பள்ளியில் கொடுக்கிற கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் மையக் கூற்றே கிடையாது. ‘நூலகத்தின் பயன்கள்’ என்று தலைப்பு, முன்னுரை, நாலைந்து பயன்கள், முடிவுரை. இதில் யார் எதை மறுக்கப்போகிறார்கள்? எதை நிறுவ வேண்டியிருக்கிறது? அது ஒரு பட்டியல், பட்டியலுக்குத் தலைப்புதான் மையம். இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னால், இருக்கிற ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனவே முதல் வேலை உங்களுடையது. வகுப்புக்குக் கொண்டுபோகும் கட்டுரையில் ஒரு நிலைப்பாடு இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துவிடுங்கள். உங்களாலேயே ஒரு நிமிடத்தில் அதைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரை இந்தப் பாடத்துக்கு வேண்டாம். கதை, கவிதை, பயண அனுபவம் இவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கதைக்குக் கருப்பொருள் உண்டு, ஆனால் அது வேறு சமாச்சாரம். இரண்டையும் ஒரே மாதத்தில் நடத்தினால் பிள்ளைகள் கட்டாயம் குழப்பிக்கொள்வார்கள்.

பத்திரிகைகளில் ஆசிரியருக்கு வரும் கடிதங்கள்தான் தொடங்குவதற்கு மிகவும் நல்லவை. சின்னதாக இருக்கும், எழுதியவருக்கு ஏதோ ஒன்று ஆக வேண்டியிருக்கும், சுற்றி வளைக்க இடமிருக்காது. தலையங்கங்களை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் கூற்று பல நேரம் கடைசியில்தான் வரும், நடுவில் இரண்டு தரப்பையும் பேசிவிட்டுத்தான் வருவார்கள்.

தலைப்புக்கும் கூற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலகையில் ஒரே பொருளை வைத்தே காட்டலாம். ‘பள்ளி நூலகம்.’ இது தலைப்பு, இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘பள்ளி நூலகத்தில் புத்தகம் இரவல் கிடைக்கும்.’ இது தகவல், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘இக்கட்டுரையில் பள்ளி நூலகத்தைப் பற்றிக் காண்போம்.’ இது அறிவிப்பு. பிள்ளைகள் இதில் அடிக்கடி விழுவார்கள், ஏனென்றால் பார்த்தால் பெரிய வாக்கியம் மாதிரி இருக்கும். ‘பள்ளி நூலகம் கோடை விடுமுறையிலும் திறந்திருக்க வேண்டும்.’ இப்போதுதான் ஒருவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லியிருக்கிறார். இதை ஒப்புக்கொள்ளாத ஒரு நியாயமான மனிதர் இருப்பாரா? இருப்பார். யார் திறப்பது, யார் பொறுப்பு, விடுமுறையில் யார் வருவார்கள் என்று கேட்பார். எதிர்க்க ஆள் இருக்கிறது, ‘ஏன்?’ என்று கேட்டால் பதில் சொல்ல விஷயமும் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் அது கூற்று. இந்த ‘ஏன்?’ மிகவும் பயனுள்ளது. சந்தேகப்படும் வரிக்குப் பின்னால் ‘ஏன்?’ என்று போட்டு, அடுத்த பத்திகள் அதற்குப் பதில் சொல்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொன்னால் பிடித்துவிட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சியை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். அறிமுகப் பத்தியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மட்டும் கொடுங்கள். முதல் பத்தி இல்லாததால் எங்கே தேடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் தூக்கக் கட்டுரையையே வைத்துக்கொள்ளலாம். அடுத்து வரும் பத்திகளில் ஒன்று, பருவ வயதில் உடலின் தூக்க நேரம் எப்படி மாறுகிறது என்று சொல்கிறது. இன்னொன்று, தூக்கம் குறைந்தால் கவனம் சிதறுவதைச் சொல்கிறது. மூன்றாவது, பள்ளி நேரத்தை மாற்றினால் மாலையில் விளையாட்டுக்கு நேரம் குறையுமே என்ற கவலைக்குப் பதில் சொல்கிறது. கூடவே மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, காணாமல்போன மையக் கூற்று இவற்றில் எது என்று கேளுங்கள்:

‘மனிதனுக்குத் தூக்கம் மிகவும் அவசியம்.’
‘தூக்கம் குறைந்த மாணவர்களால் முதல் பாடவேளையில் கவனிக்க முடிவதில்லை.’
‘உயர் வகுப்புகள் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்க வேண்டும்.’

நிறையப் பேர் முதல் வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது: அதை யாராலும் தவறு என்று சொல்ல முடியாது, அதனால் அது பாதுகாப்பு. பல வருடமாக ‘தவறில்லாத விடை’ எழுதியே பழகிய பிள்ளைகள் பெரிய, பொதுவான வாக்கியத்தைப் பார்த்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள். திட்ட வேண்டாம். ‘சரி, தூக்கம் அவசியம் என்று நிறுவுவதற்கு மாலை விளையாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்?’ என்று கேளுங்கள். அந்தப் பத்தி வெளியே தொங்கும். இரண்டாவது வாக்கியத்தைத் தேர்ந்தவர்களுக்கும் இதே சோதனைதான்: கவனம் சிதறுவதைப் பற்றிய பத்தி உள்ளே வந்துவிடும், மற்ற இரண்டும் வெளியே நிற்கும். அது ஒரு பத்தியின் தலைமை வாக்கியம், முழுக் கட்டுரைக்குப் போதாது. மூன்றையும் உள்ளே இழுக்கிற வாக்கியம் எது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வாதாட விடுங்கள். அந்தச் சத்தத்தில்தான் பாடம் நடக்கிறது, பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை.

அடையாளச் சொற்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ஆகவே’, ‘எனவே’, ‘வேண்டும்’, ‘என்பதே என் கருத்து’ இவை கைகாட்டிகள்தான். ஆனால் இவற்றையும் சூத்திரமாக்கிவிட்டால் பழைய கதைதான். ‘எனவே’ ஒரு காரணத்துக்குள்ளேயும் வரும். ‘வேண்டும்’ என்பதை எதிராளியும் சொல்வார்.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. நம் மொழியில் விட்டுக்கொடுக்கிற பேச்சு முன்னால் வரும், சொல்ல வந்தது வினைமுற்றோடு கடைசியில் வரும். ‘கைப்பேசி பாடம் படிக்கப் பல வகையிலும் உதவுகிறது என்றாலும், வகுப்பு நேரத்தில் அது மாணவர் கையில் இருக்கக் கூடாது.’ இந்த வரியைக் கொடுத்து, எழுதியவர் கைப்பேசிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டுப் பாருங்கள். முதல் பாதியைப் படித்ததும் முடிவு செய்துவிடுகிற பிள்ளைகள் ‘ஆதரவு’ என்பார்கள். இன்னும் நீளமான வாக்கியமாக இருந்தால் பெரியவர்களே வழுக்குவார்கள். ‘என்றாலும்’, ‘இருந்தபோதிலும்’, ‘-ஆனாலும்’ வந்தால் அதுவரை உள்ளதை அடைப்புக்குள் போட்டுவிட்டு, கடைசி வினைமுற்றிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். யார், எது, ‘இருக்கக் கூடாது’? இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எதிராளியின் கருத்தை அடிக்கோடிடும் தவறு பெருமளவு குறையும்.

கேள்வி வடிவில் வரும் கூற்றும் இப்படித்தான். ‘ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் மூன்று மணி நேர வீட்டுப்பாடம் நியாயமா?’ என்று எழுதியவர் விடை தெரியாமல் கேட்கவில்லை. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ‘இதைச் சொல்வாக்கியமாக மாற்று’ என்றால், ‘இவ்வளவு வீட்டுப்பாடம் நியாயமில்லை’ என்று மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றி எழுதியதையும் சரியான விடையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் சொல்லும் கட்டுரைகள், அதாவது எந்த வரியிலும் நேராக இல்லாமல் மொத்தத்தில் இருந்து நாமே எடுக்க வேண்டியவை, எட்டாம் வகுப்பின் இறுதிக்குப் போகட்டும். அதற்கு முன்னால் கொடுத்தால் இப்போதுதான் வந்த நம்பிக்கையும் போய்விடும்.

எழுதவும் வைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு உண்மையாகவே இருக்கிற ஒரு கருத்தை ஒரு வாக்கியத்திலும், ‘ஏனென்றால்’ என்று தொடங்கி இரண்டு காரணங்களையும் எழுதினால் போதும். தானே ஒன்றைக் கட்டியவன் அடுத்தவர் கட்டியதைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வான்.

இனி மதிப்பெண். வரிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் குருட்டாம்போக்கில் அடிக்கோடிட்டவனும் முழு மதிப்பெண் வாங்குவான். 5 மதிப்பெண் கேள்வி என்றால் 2 வரிக்கும், 3 ‘ஏன் இந்த வரி என்று நினைக்கிறாய்?’ என்பதற்கும் வையுங்கள். ‘முதல் பத்தியில் கடைசியாக இருக்கிறது’ என்று எழுதினால் அந்த 3இல் ஒன்றும் கிடையாது, வரி சரியாகவே இருந்தாலும். ‘இதற்குக் காரணமாகத்தான் இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் வருகின்றன’ என்று தட்டுத்தடுமாறி எழுதினாலும் முழுசாகக் கொடுங்கள். தவறான வரியை எடுத்தாலும் காரணத்தில் கொஞ்சம் பொருள் இருந்தால் ஒன்றாவது போடலாம். கூற்று இரண்டு வாக்கியங்களில் பரவியிருக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்தவர்களிடம் கறாராக இருக்க வேண்டாம். முடிவுரையில் அதே கருத்து வேறு வார்த்தைகளில் வந்திருந்து, அதை எடுத்து எழுதியிருந்தால் அதுவும் சரிதான்.

வெளியில் இருந்து வரும் கேள்வித்தாளில் இந்தச் சலுகை எதுவும் இருக்காது, நேரமும் இருக்காது. அதற்கு ஒரு குறுக்குவழியைச் சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை: கட்டுரை முழுவதையும் ஒரு தடவை ஓட்டிவிட்டு, கடைசிப் பத்தியை நிதானமாகப் படிக்கட்டும். எழுதியவர் கடைசியில் நம்மை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, அதே கருத்தை முன்னால் எந்த வரி சொல்கிறது என்று தேடட்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே சந்தேகம் வந்தால் ஒன்றுக்குப் பின்னால் ‘ஏனென்றால்’ என்று போட்டு மற்றதைச் சேர்த்துப் படிக்கட்டும். பொருந்தினால் ‘ஏனென்றால்’ என்பதற்கு முன்னால் நிற்பதுதான் விடை. பொருந்தாவிட்டால் இடம் மாற்றிப் படிக்கட்டும்.